வெண்டலின் துப்பாக்கியை நான் கொடுத்துவிட்டேன்

திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி

அன்புள்ள வெண்டல்,

உன் உடம்பு எப்படி, உள்ளே சாப்பாடு எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவை அதற்குப் பொறுமை இல்லை. நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். பத்திரமாக வைத்திரு என்று நீ என்னிடம் விட்டுப்போன துப்பாக்கிகளில், மான் வேட்டைக்கு எடுத்துப்போவாயே அந்த நீளத் துப்பாக்கி, அதை உன் மகன் காலேபிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அது எங்கே இருக்கிறது என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். தண்டனை பெற்றவன் வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதால் நான்கையும் என் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினோம் அல்லவா? செப்டம்பரில் ஒரு நாள் நோரீன் வந்தாள். உன் மனைவி என் வீட்டுப் படி ஏறுவதே அபூர்வம். "காலேப் வந்து கேட்டா எதையும் கொடுத்துடாதீங்க எல்வுட்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "மார்க் கொறஞ்சிருக்கு, அதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அம்மா போட்ட தண்டனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறந்துவிட்டேன்.

நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, காலேப் வந்தான். அவனுக்கு அக்டோபரிலேயே பதினெட்டு முடிந்துவிட்டது, உனக்குச் சொல்லவா வேண்டும்? "நாளைக்கு சீசன் ஆரம்பிக்குது. அப்பாவோட துப்பாக்கி எனக்குத்தான்னு அப்பாவே சொல்லியிருக்காரு" என்றான். நம் ஊரில் மான் சீசன் முதல் நாளில் ஒரு பையன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதா? அப்பனைத்தானே பூட்டி வைத்திருக்கிறார்கள், காட்டையுமா? எனக்கு மனசு இளகிவிட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்து, உறையில் வைத்து, அவன் கேட்காமலே ஒரு பெட்டித் தோட்டாவும் கொடுத்தேன். "அம்மாகிட்ட சொல்லிடாதடா, என் தோலை உரிச்சிடுவா" என்று கண்ணடித்தேன். வெண்டல், நான் கண்ணடித்தேன்.

நேற்று சர்ச் வாசலில் நோரீனிடம் நானே போய் உளறினேன். மான் கறியில் எனக்கும் பங்கு உண்டா என்று கேட்டேன். அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. ஆகஸ்டு கடைசியில் பள்ளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் நோட்டில் பள்ளிக்கூடத்தின் படம் வரைந்திருந்தானாம். எந்த வகுப்பில் யார் யார் உட்காருவார்கள் என்று பெயர் பெயராக எழுதி, சில பெயர்களுக்கு அடியில் கோடு போட்டிருந்தானாம். பள்ளி ஆலோசகர் மூன்று முறை கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கதை எழுதினேன் என்று சொல்லியிருக்கிறான். அவர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள். இதை ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று கத்தினேன். "வெக்கமா இருந்துச்சு எல்வுட். ஊரு எங்களப் பத்திப் பேசுறது பத்தாதா?" என்று அழுதாள்.

இந்த வருடம் அவன் வேட்டை லைசென்ஸே எடுக்கவில்லை. வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு சட்டை ஆணியிலேயே தொங்குகிறது. சனிக்கிழமை முழுக்க அறையைச் சாத்திக்கொண்டு தூங்கினானாம்.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். "அந்தத் துப்பாக்கில தொலைநோக்கி கொஞ்சம் கோணலா இருக்குடா, கொண்டா, சரி பண்ணித் தர்றேன்" என்று காலேபிடம் கேட்டேன். "வேணாம் எல்வுட், நல்லாத்தான் இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்" என்று சிரித்தான். மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில் அவன் இத்தனை நாள் ஏறி இறங்கினதில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நீ குடித்துவிட்டு வண்டி ஓட்டி அந்தப் பெண்ணின் மேல் ஏற்றியதிலிருந்து, பின் சீட்டுப் பிள்ளைகள் அவனைச் சும்மா விட்டதே இல்லை. "உங்கப்பன் இன்னிக்கு யார் மேல ஏத்துனான்?" என்று கேட்பார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். சத்தம் போடாதீர்கள் என்பேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இன்று காலை காவல் நிலையத்துக்கு, ஷெரீப் ஸ்டாஃபரிடம் போனேன். "அவன் என்ன குத்தம் பண்ணான்? பதினெட்டு வயசு ஆயிடுச்சு. துப்பாக்கி அவங்கப்பனோடது, எடுத்துக் கொடுத்தது நீ. எந்தச் சட்டத்தக் காட்டி நான் பிடுங்கறது?" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படி ஒரு சட்டம் வரப் பாத்துச்சு எல்வுட். அன்னிக்கு மைக்கப் பிடிச்சுக் கத்துனது யாரு, நானா?"

நீயும் அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய், மறந்திருக்க மாட்டாய். பெற்றவர்கள் நீதிபதியிடம் மனு கொடுத்தால் ஆபத்தானவன் கையிலிருக்கும் துப்பாக்கியைக் கொஞ்ச நாளைக்கு வாங்கி வைக்கலாம் என்ற மசோதா. தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து, சர்க்கார்க்காரன் இன்றைக்குக் கொஞ்ச நாள் என்பான், நாளைக்கு உன் வீட்டுக்குள் வருவான் என்று முழங்கினேன். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. வீட்டுக்கு வந்தும் அந்தக் கைதட்டல் இனித்தது. சட்டசபையில் நம் பிரதிநிதி அந்த மசோதாவை ஓட்டுக்கே விடவில்லை. அது இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நோரீன் போய்க் கதவைத் தட்ட ஓர் இடமாவது இருந்திருக்கும்.

பாவம், ஸ்டாஃபர் உன் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுத்தான் வந்தார். அம்மா விற்றுவிடுவாள் என்று ஒளித்து வைத்திருக்கிறேன் என்றானாம். "நல்ல புள்ளையாத்தான் பேசுறான்" என்று என்னிடமே சொல்கிறார்.

மான் சீசனுக்காக இன்றும் பள்ளி விடுமுறை. தலைமையாசிரியர் ஹார்னர் காட்டில் மானுக்காக மரத்து மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆலோசகரும் காட்டில். இந்த ஊரில் இன்றைக்கு முடிவெடுக்கக்கூடிய ஆள் ஒருவர்கூடத் தரையில் இல்லை. பதினோரு தடவை அடித்த பிறகு ஹார்னர் போனை எடுத்து, மான் ஓடிவிடும் என்று கிசுகிசுத்தார். "வாசல்ல அவன் பையச் சோதிக்கச் சொல்றேன். வீட்ல துப்பாக்கி இருக்குன்னு ஒருத்தன நிறுத்தினா பாதி ஸ்கூல நிறுத்தணும், எல்வுட்." ஆனால் அந்த வாசலுக்கு முன்னால் என் பஸ்ஸின் வாசல் இருக்கிறது. அவன் நிறுத்தத்தில் நிற்காமல் வரட்டுமா என்று என் மேலாளரிடம் கேட்டேன். பட்டியலில் பேர் உள்ள பிள்ளையை ஏற்றாமல் வந்தால் வேலை போய்விடும் என்றார்.

நோரீன் பரணையும் கொட்டகையையும் புரட்டிப் போட்டுத் தேடுகிறாள். நாளைக்குப் போகாதே, என்னோடு இரு என்று கெஞ்சியிருக்கிறாள். கண்டிப்பாகப் போக வேண்டும் என்கிறானாம். பள்ளிக்குப் போக அவன் இவ்வளவு ஆசைப்பட்டு நீ பார்த்திருக்கிறாயா?

நீ பேசினால் கேட்பான் என்று சிறைக்கும் போன் செய்தேன். கைதியை இங்கிருந்து கூப்பிட வழியில்லை, அவசரம் என்றால் எழுதிப் போடுங்கள் என்றார்கள். சிறைப் போதகரிடம் சொல்கிறேன் என்று ஒருவர் உன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

நாளை ஆறு ஐம்பதுக்கு அவன் நிறுத்தம். அதற்குள் பஸ்ஸில் ஏழு பிள்ளைகள் ஏறியிருப்பார்கள். கடைசியாக ஏறுகிறவளுக்கு ஆறு வயது. நான் கொஞ்சம் தள்ளியே நிறுத்திவிட்டு, இறங்கி, கதவை எனக்குப் பின்னால் மூடிவிட்டு, அவனிடம் நடந்துபோவேன். என் கைத்துப்பாக்கியை எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். உன் பிள்ளையைப் பார்த்து என்னால் அதை நீட்ட முடியாது. பின் சீட்டில் நடந்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்பேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

கர்த்தர் உன் மகனைக் காக்கட்டும். அவனிடமிருந்து மற்றப் பிள்ளைகளைக் காக்கட்டும். அங்கே கடிதங்களைப் பிரித்துப் பார்த்து உன் கைக்குத் தர ஒன்பது நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை அவன் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள். நீ வேண்டும்போது அந்தக் காலை போய் எட்டு நாள் ஆகியிருக்கும். இருந்தாலும் வேண்டிக்கொள், வெண்டல்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாத,
எல்வுட்