ஆட்டோவிலிருந்து வந்த பென்

என்னங்க,

பெயரைச் சொல்லி உங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் என்ன புதுப் பழக்கம்? ஆனால் இப்போதெல்லாம் இந்த 'என்னங்க'வை வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு இந்தத் தேயிலைத் தோட்டம் என்ன பேசியது தெரியுமா? தவக்காலம் முடியும்வரை குடிக்க மாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்தவன், குடித்துவிட்டு ஆட்டோவைப் பள்ளத்தில் விட்டான் என்று பேசியது. நொறுங்கிய ஆட்டோவில் சாராய நெடி அடித்ததாம். உங்கள் அம்மா அன்றிலிருந்து கோயில் வாசலை மிதிக்கவில்லை. "சத்தியத்த மீறுனவனுக்கு எந்த மூஞ்சியோட ஜெபம் கேக்குறது?" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

போன வாரம் கராஜ்காரர் உங்கள் பாட்டுப் பென்னை, அந்தப் பென் டிரைவை, கொடுத்தனுப்பினார். ஆட்டோவின் பாட்டு செட் உடைந்தும் பென் அதிலேயே செருகி இருந்ததாம். உங்கள் பாட்டையாவது கேட்போமே என்று தலவாக்கலை டவுனுக்குப் போய், பென்னைப் போனில் மாட்டுகிற சின்ன வயர் ஒன்று வாங்கினேன். கடையிலேயே செருகிப் பார்த்தேன். ஏதோ பிழை, ஃபோர்மெட் செய்யவா என்று போன் கேட்டது. கேட்கிறதே, செய்துவிடுவோம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"ஐயோ அக்கே, அத அமத்த வேணாம்! உள்ள இருக்கிறது எல்லாம் போகும்" என்று கடைக்காரச் சிங்களப் பெண் கையைப் பிடித்துவிட்டாள். பென்னைத் துடைத்துத் திரும்பச் செருகி, செட்டிங்கில் எதையோ போட்டுவிட்டாள். பத்து நிமிடம் சும்மா இருந்தால் அது தானாக நின்றுவிடுமாம், மறுபடி போட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பாட்டுகளுக்குக் கீழே ஐந்து பதிவுகள் இருந்தன. செட்டில் மணிக்கூடு இல்லாததால், நாம் இரண்டு பேருமே பிறக்காத ஏதோ ஒரு வருடத்துத் தேதி. அந்தச் சிவப்புப் பட்டனை அமத்தினால் சத்தம் கூடும் என்று நினைத்து அமத்திக்கொண்டே இருந்தீர்களே, அது ரெக்கோர்ட் பட்டன், மனுசா! முதல் நாலு பதிவிலும் "பாட்டு எங்கடா போச்சு?" என்று செட்டைத் திட்டுகிறீர்கள். சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன்.

ஐந்தாவதில் பீட்டர் அண்ணன் இருக்கிறார். கோயில் கமிட்டிக்காரர் பீட்டர் அண்ணன்தான். "ஒரு வாய் குடிடா" என்கிறார். "தவக்காலம்ண்ணே. ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்" என்கிறீர்கள். தெளிவான குரல். "அப்ப போத்தல் சீட்டுக்கு அடியில கெடக்கட்டும். கோயில் பக்கம் கொண்டுபோக ஏலாது, நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்று இறங்கிப் போகிறார். தானும் குடித்தது தெரிந்துவிடுமே என்று அந்த மனிதர் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு எஞ்சின் சத்தம் மட்டும். ஓட்டம் மெதுவாகிறது, கோர்ன் அடிக்கிறீர்கள். மேல் வளைவில் மூடுபனி இறங்கியிருக்க வேண்டும்.

அப்போது ஒரு பெண் கூப்பிடுகிறாள். "என்னங்க." கூப்பிட்டுவிட்டு இருமுகிறாள்.

அது என் குரல். என் இருமல்.

"காய்ச்சலோட எதுக்குடி இங்க வந்த? இரு, வாரேன்" என்கிறீர்கள். ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம் இல்லை. காலடி. பிறகு வண்டி தானாக நகர்கிற சத்தம். "யேசுவே" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து வண்டியில் தொத்துகிறீர்கள். அத்தோடு அறுந்துபோகிறது.

பனிக்குள் ஒருதடவை கூப்பிட்டால் மனுசரில்லை, மூன்றாம் தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் ஏன் முதல் தடவையே இறங்கினீர்கள்?

அன்று நான் மாத்திரை போட்டுக் கம்பளிக்குள் படுத்திருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. செய்தி சொல்ல வந்து எழுப்பியபோது என் சேலைக் கரை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். வியர்வை பாதத்திலிருந்தா ஏறும்? திரும்பத் திரும்பக் கேட்டேன். போன் நின்று நின்று போனது. மறுபடி மறுபடி போட்டேன்.

அழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அன்று கடையில் கேட்ட அதே கேள்விக்கு ஆமாம் என்று ஒரு விரல் வைத்தால் போதும். கூப்பிட்ட அந்தக் குரலோடு, நீங்கள் சத்தியத்தைக் காத்ததற்குச் சாட்சியும் போய்விடும். மனம் வரவில்லை.

மறுநாள் உங்கள் அம்மாவின் காதோரம் போனை வைத்தேன். 'ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்' என்றதும் எழுந்து உட்கார்ந்தார். முடிவுவரை கேட்டார். என்னைப் பார்த்தார்.

"கூப்புட்டது யாரு?"

யாரென்று எனக்கே தெரியாது என்றால், பதிவே பேய் வேலை என்று தள்ளிவிடுவார்கள். நீங்கள் குடிகாரனாகவே கிடப்பீர்கள்.

"நான்தான் மாமி. வளைவு வரைக்கும் போனேன். பயத்துல யார்கிட்டயும் சொல்லல."

அவர் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், "எம்மவன் குடிக்கல. பொண்டாட்டி கூப்புட்டா, எறங்குனான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பீட்டர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது பனி இறங்கினால் என் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்தெடுக்க யாரும் நிற்பதில்லை.

இது யார் கையிலாவது கிடைத்தால், நான் வீட்டில் படுத்திருந்ததை மாமியிடம் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்களைக் கொன்றவள் என்று இந்தத் தோட்டமே சொன்னாலும், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாமியிடம் நான் சொன்னது பொய்தானா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கூப்பிட்டவளின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
அன்று வீட்டில்தான் படுத்திருந்தேன் என்று இன்னும் நம்புகிற
உங்கள் மனைவி