முழங்கை மடிப்பு வரை

ராயபுரம்,
12.8.1972

என் பிள்ளைத்தாச்சிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். நீ அம்மா வீட்டுக்குப் போன மறுவாரமே பட்டறையில் தகடு சரிந்து, வலது முழங்கைக்கு மேலே நரம்பை அறுத்துவிட்டது. வயிற்றுப்பிள்ளையோடு ஓடி வருவாய் என்றுதான் இரண்டு மாதமாக மறைத்தேன். உன்னைப் பார்க்க வராததற்கு ஓவர்டைம் என்று சொல்லியனுப்பியதெல்லாம் பொய்.

மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தான். "கை போச்சு, வேற ஆள் போட்டாச்சு" என்றான். மிஷினில் ஒரு பல் உடைந்திருந்தால் அழுதிருப்பான்.

கை போகவில்லை. டாக்டர் நரம்பைத் தைத்திருக்கிறார். அறுந்த நுனி கிளைவிட்டு, பழைய வழியைத் தேடி, மாதத்துக்கு ஓர் அங்குலம் வளருமாம். பக்கத்து வீட்டு சவரிராயன், "இன்னா மாமு, கைக்குத் தண்ணி ஊத்துனியா?" என்று கேலி செய்கிறான். தினமும் தட்டிப் பார்க்கிறேன். எங்கே சுரீரென்கிறதோ அதுவரை நரம்பு வந்துவிட்டதாம். இன்று முழங்கை மடிப்பில் சுரீரென்றது.

விரல் நுனிக்கு வர அடுத்த வருஷக் கடைசி ஆகும். அதற்குள் பிள்ளை நடந்துவிடும்.

அதனால் பிறந்ததும் பிள்ளையை என் வலது கையிலேயே கொடு. விரல் பக்கம் நீ பிடித்துக்கொள். தலை அந்த மடிப்பில்தானே இருக்கும். அந்தச் சூடு எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பிள்ளையின் அப்பன்