பின்சீட்டுக் குரல்

மச்சான்,

இன்று காலை உச்சிப்புளி ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நின்ற பழைய காரிலிருந்து அந்த வாடை வந்தது. அழுகிய முட்டையும் தீய்ந்த எண்ணெயும் கலந்த வாடை. என் வண்டியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட் திறந்து, பின்னால் நின்றவன் ஹாரனை விடாமல் அழுத்திய பிறகுதான் கிளம்பினேன். நீங்கள் போய் இத்தனை காலம் கழித்து, ஓட்டை வண்டி ஒன்றின் புகை என்னை எழுத உட்கார வைத்தது என்றால் நீங்களே சிரிப்பீர்கள்.

ராமேஸ்வரத்துக்கு அகலப்பாதை ரயில் ஓடத் தொடங்கிய வருஷம் நாம் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினோம். முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டை விட்டுவிட்டு ராமநாதபுரம் வந்தவர்கள் நாம். நான் ஓட்டுவது, நீங்கள் உங்கள் பட்டறையில் வைத்துப் பழுது பார்ப்பது என்று பேச்சு. ஸ்டேஷனில் இறங்கும் யாத்ரீகர்களை ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் காட்டிக் கூட்டி வருவேன். வண்டி பெட்ரோலோடு என்ஜின் ஆயிலையும் சேர்த்துக் குடித்தது. டிக்கியில் எப்போதும் ஒரு ஆயில் டப்பா கிடக்கும்.

"நீ குடிக்காட்டி என்ன மாப்ளே, ஒன் வண்டி ஒனக்கும் சேத்துக் குடிக்கிது" என்று கேலி செய்வீர்கள். "மெக்கானிக் மாதிரிதான வண்டியும் இருக்கும்" என்று நானும் விடமாட்டேன்.

அப்போது செல்வி போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உங்களுக்கும் அக்காவுக்கும் இருந்த ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அக்கா அழவில்லை. அழாததுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. சோறு வைப்பாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. நீங்கள் பட்டறையே கதி என்று கிடந்தீர்கள்.

ஐப்பசி மழையில்தான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. தரையில் நன்றாக ஓடும். பாம்பன் பாலத்து ஏற்றத்தில் மிதித்தால் முனகிக்கொண்டு பின்வாங்கும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று ஏறியது. பாலத்தைத் தாண்டும்போது நடுவில் இருந்த அம்மா என் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க தம்பி, பின்னாடி நாங்க மூணு பேருதானுங்களே உக்காந்தோம்?"

"ஆமாங்கம்மா."

"என்ற மடியில ஆரோ சாஞ்சிருக்கறாப்பல இருக்குதுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய இரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு பக்கம் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வெறும் மடியைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் இதை யாரிடம் சொன்னார்களோ, 'அந்த வண்டியில ஆள் இருக்கு' என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. நீங்களும் பிளக்கைக் கழற்றினீர்கள், பில்டரைக் கழற்றினீர்கள். ஒன்றும் பிடிபடவில்லை. முனியய்யா கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டு வந்தீர்கள். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்த மெக்கானிக்கை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இதில் நம்முடைய கூத்து ஒன்று உண்டு. வண்டிக்குள் அடித்த அந்த அழுகிய முட்டை வாடை வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்து எல்லாக் கண்ணாடியையும் இறுக்கி ஏற்றிவிட்டோம். பின்சீட்டுக்குக் கீழே தரை காலைச் சுட்டது. அதற்கு மிளகாய்ச் சாக்கை நாலாய் மடித்துப் போட்டோம்.

அமாவாசைக்கு அக்காவை ராமேஸ்வரத்துக் கடலில் குளிக்கக் கூட்டிப் போனோம். நீங்கள் முன்னால், அவள் பின்னால் தனியாக. திரும்பும்போது பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகியது.

"வண்டிய நிப்பாட்டு தம்பி. செல்வி கூப்புட்டா."

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

அதன் பிறகு சவாரி இல்லாத நேரமெல்லாம் அக்கா வண்டியில் ஏறிக்கொண்டாள். ஓரமாக உட்கார்ந்து பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுவாள். "செத்த நேரம் தூங்குடி, வீடு வந்துரும்" என்று மெதுவாகச் சொல்லுவாள். நான் முன்னால் இருந்து ஓட்ட வேண்டும். பின்னால் பார்க்கும் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டு வந்தாள், நாளுக்கு நாள் சந்தோஷமாக இருந்தாள். அக்காவும் போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது. உங்களுக்கும் பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று நீங்கள் அவள் பக்கத்தில் பின்சீட்டில் ஏறியிருக்க மாட்டீர்கள்.

தங்கச்சிமடம் தாண்டி வந்துகொண்டிருந்தோம். நல்ல மத்தியானம், வெளியே தூறல். பின்னால் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. திடீரென்று நீங்கள் கத்தினீர்கள்.

"கண்ணாடிய எறக்கு மாப்ளே! வண்டிய ஓரங்கட்டு, எறக்குலே!"

அப்படி ஒரு குரலை உங்களிடம் நான் அதுவரை கேட்டதில்லை. அக்கா உங்கள் தோளில் துவண்டு கிடந்தாள். கன்னத்தில் தட்டினாலும் கண் திறக்கவில்லை. இரண்டு பேரும் அவளை இழுத்து ரோட்டோரம் தென்னையடியில் கிடத்தினோம். கடல் காற்று பட்டுப் பட்டு, ஒருவழியாக அவளுக்கு இருமல் வந்தது. நீங்கள் தள்ளாடியபடி போய்ச் சாக்கை உருவி எறிந்தீர்கள். உப்புக் காற்றில் தரைத் தகடு துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகப் புகை மேலே வந்துகொண்டிருந்தது. பிறகு சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தீர்கள்.

"மூச்சே வரல மாப்ளே" என்றீர்கள்.

பட்டறையில் முன்குழாயைத் தளர்த்தியதும் என்ஜின் திமிறிக்கொண்டு உறுமியது. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. புகையைச் சுத்தம் செய்யச் சைலன்சருக்கு முன்னால் கன்வெர்ட்டர் என்று ஒரு குடுவை இருக்கிறதே, அதன் உள்ளே தேன்கூடு போல இருக்கும் பொடித் துளைகளை எல்லாம் எரிந்த ஆயில் அடைத்துவிட்டது. போக வழி இல்லாத புகை, இணைப்புகளில் பிதுங்கி, ஓட்டை வழியாக வண்டிக்குள்ளே ஏறியிருக்கிறது. நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதற்குக் காவல் இருந்திருக்கிறோம்.

அக்காவிடம் நீங்கள் எடுத்துச் சொன்னீர்கள்.

"அது புகைடி. அதக் குடிச்சா மண்டைக்குள்ள சத்தம் கேக்கும்."

"கேட்டுட்டுப் போகுது. வண்டியத் தொடாதீக. ஒங்க கால்ல விழுறேன்."

"செத்துருவடி."

"செத்தா என்ன?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டீர்கள்.

உள்ளே இருப்பதைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு வெறும் குடுவையை மாட்டிவிடலாம் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை. ஆயில் குடிப்பதை நிறுத்தாமல் புதியதை மாட்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும் என்று முதலில் என்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங் மாற்றினீர்கள். தரைக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்தீர்கள். மதுரையிலிருந்து புதுக் கன்வெர்ட்டர் வாங்கி வந்தேன். பழையதன் போல்ட்டுகள் துருவில் இறுகிப்போய், கேஸ் வைத்து அறுக்க வேண்டியதாயிற்று. கீழே போட்டதும் அதிலிருந்து சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக உதிர்ந்தது. கருவேல நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். அதில் ஒரு கட்டியை எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டாள். அவள் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கித் தூரப் போட்டது நீங்கள்தான்.

ஓட்டிப் பார்க்க மூன்று பேருமே போனோம். கண்ணாடியை ஏற்றச் சொல்லி அக்கா பிடிவாதம் பிடித்தாள், ஏற்றினோம். பாலத்து ஏற்றத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராமேஸ்வரம் கோபுரம் தெரிந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"போயிட்டா" என்றாள்.

அப்போதுதான் அழுதாள், ஒரு வருஷத்து அழுகையை. நீங்கள் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கல்நெஞ்சுக்காரர் என்று அன்று உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. மெல்ல மெல்ல அவள் சாப்பிட ஆரம்பித்தாள், தூங்கினாள், பிறகு என்னைத் திட்டவும் ஆரம்பித்தாள். வீடு தேறியது. அடுத்த மழைக்காலத்துக்குள் குடியில் ஈரல் கெட்டு நீங்கள் படுத்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் அக்கா கஞ்சி வாங்கப் போயிருந்த நேரம், என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"அன்னைக்கு தங்கச்சிமடத்துல எனக்கும் கேட்டுச்சு மாப்ளே."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"'அய்யா, கண்ணாடிய எறக்குங்க, அம்மாவுக்கு மூச்சு முட்டுது'ன்னா. செல்வி கொரலேதான். எனக்கும் கண்ணு சொருகிக்கிட்டு இருந்துச்சு. அவ சொல்லலைன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்."

"புகைல கேட்டதாத்தான் இருக்கும் மச்சான்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிர்றேன். ஆனா கொல்ல வந்த பொகை எதுக்குய்யா கண்ணாடிய எறக்கச் சொல்லுது?"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அக்காட்ட சொல்லிராத. பிள்ளை கொரலக் கேட்டுட்டும் அந்த வண்டியப் பிரிச்சேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

சொல்லவில்லை மச்சான். அந்த வண்டியை விற்று, வேறு வண்டி வாங்கி, அதையும் மாற்றிவிட்டேன். அக்கா இப்போதும் அமாவாசைக்கு என்னோடு ராமேஸ்வரம் வருகிறாள். அவள் ஏறி உட்கார்ந்ததும் பின்கண்ணாடியை நான்தான் இறக்கிவிடுகிறேன்.

"எதுக்குடா எறக்குற, உப்புக் காத்து மூஞ்சில அடிக்குது" என்று வைவாள்.

செல்வி சொன்னாள் என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவேன்.