ஏமாந்தவர் கையொப்பம்

அப்பா,

உங்கள் நீல ஃபைல் என் மடியில் இருக்கிறது. மூலையில் நீங்கள் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்துத் தேமல் மாதிரி ஆகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் கற்பூரமும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. அதாவது உங்கள் வாசனை. நாளை சரஸ்வதி பூஜை. துக்க வருடம் முடிந்து நம் வீட்டில் நடக்கும் முதல் பூஜை. "அப்பா ஃபைலத் தொடைச்சு வை, படையல்ல வெக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மா பூ வாங்கப் போயிருக்கிறாள். நீங்கள் போனதிலிருந்து நான் இதைத் திறக்கவே இல்லை. அதற்கான காரணம் என் ஒருத்திக்கு மட்டுமே உரியது என்றுதான் அரை மணி நேரத்துக்கு முன்புவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பூஜை ஞாபகம் இருக்கிறதா? கம்பெனியில் உங்கள் லைனை மூடி, உங்களை வீட்டுக்கு அனுப்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. நம் வீட்டுச் சாமிகளுக்கு எப்போதும் மூன்று ஷிஃப்ட். திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வெள்ளி விளக்கு பூஜை, சனி பெருமாள், நடுநடுவே பிரதோஷமும் கிருத்திகையும் ஓவர்டைம். வீட்டில் வேலையில்லாமல் இருந்தது நீங்கள் ஒருவர்தான். காலை ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அந்த ஒரு நிமிடம் அம்மா கோலத்தில் கையை நிறுத்துவாள், நான் பல் தேய்ப்பதை நிறுத்துவேன், நீங்கள் மட்டும் மணியைப் பலமாக ஆட்டுவீர்கள். பஸ் போனதும் மூவரும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனு சார், இவத்து டியூட்டி இல்வா?" என்று கன்னடத்தில் கேட்பார், இன்றைக்கு டியூட்டி இல்லையா என்று. "கொஞ்ச நாள் லீவுங்க" என்பீர்கள். நான்கு மாதமும் அதே கேள்வி, அதே லீவு.

என் சீட்டுக் கணக்கும் அந்த மாதங்களில்தான் நின்றது. யாரை ஏமாற்றினாலும் அவர்களிடம் கையெழுத்து வாங்குவது என் சட்டம். உங்கள் ஷிஃப்ட் ரிஜிஸ்டரைப் பார்த்து நானே கோடு போட்டுத் தயாரித்த சீட்டு: 'ஏமாந்தவர், நேரம், கையொப்பம்.' விபூதி டப்பாவில் பவுடரைக் கொட்டி வைத்தேனே, கோயில் முழுக்கக் கைக்குழந்தை வாசனையோடு சுற்றிவிட்டு வந்து, "காலை 7.20" என்று நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். க்வாலிட்டி இன்ஸ்பெக்டர் அல்லவா, நேரம் போடாமல் எதிலும் கையெழுத்திட மாட்டீர்கள். வேலை போனபிறகு நான் நீட்டிய முதல் சீட்டைக் கிழித்துப் போட்டீர்கள். "வெளையாடற நேரமா பாப்பா இது?" அதற்குப் பிறகு நான் நீட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை படையல் வைத்தோம். அதற்கு முந்தின வருடம்வரை கம்பெனிக்குப் போய், வாழைக்கன்று கட்டிய மெஷின் முன்னால் நின்று பொரி வாங்கித் தின்றவள் நான். அந்த முறை நீங்கள் பாகங்களை அளக்கும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் நம் வீட்டு மணையிலேயே இருந்தன. "சர்டிபிகேட் ஃபைலையும் வைங்க, சரஸ்வதி பாத்துக்குவா" என்று அம்மாதான் சொன்னாள். என் புத்தகங்களுக்கு அடியில் ஃபைல், மேலே பட்டுத் துண்டு. மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. நான்காம் வகுப்பில் படையலிலிருந்து ஒரு ரப்பரை உருவியதற்கு ஐம்பத்து நான்கு தோப்புக்கரணம் போட வைத்தவர் நீங்கள். "பெத்தவனுக்கும் பங்கு இருக்கு" என்று பக்கத்தில் நின்று நீங்களும் போட்டீர்கள்.

மத்தியானம் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அம்மாவிடம் வந்தீர்கள்.

"ராயக்கோட்டை ரோட்டுக் கம்பெனி. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரச் சொல்றாங்க. மொதலாளியே பாக்கறாராம். எட்டு மணிக்கு அவரு பெங்களூர் கெளம்பிடுவாராம்."

"விஜயதசமி அதுவுமா கூப்டிருக்காங்க! சாமி கண்ணத் தொறந்துட்டாரு."

"ஒரிஜினல் எடுத்துட்டு வரணுமாம்."

அம்மா காலண்டரிடம் ஓடினாள். விரல் வைத்துப் படித்தாள். "தசமி பொறக்கறதே எட்டுக்குப் பக்கமா. ஒம்பது வரைக்கும் ராகு காலம். அதுக்கு முன்னால மறுபூஜை பண்ண முடியாதுங்களே. ஜெராக்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு. ஒரிஜினல்தான் கேக்கறாங்க."

"ஒரு நாள் தள்ளி வரேன்னு சொல்லிப் பாருங்க."

"வேணாம்னு சொன்னா அடுத்த ஆளக் கூப்டுவாங்க. நம்மளுக்காக நிக்குமா?"

"நான் வேணா எடுத்துத் தரட்டுமா? பாவத்த என் கணக்குல எழுதிக்கங்க" என்றேன்.

"கைய ஒடிச்சிருவேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னீர்கள். அதனால்தான் பயமாக இருந்தது. சமையலறையில் அம்மா சுண்டலைக் கிளறியபடி, "நாந்தான் வெக்கச் சொன்னேன், நாந்தான் வெக்கச் சொன்னேன்" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நீங்கள் இருவரும் மலைக்கோயிலுக்குக் கிளம்பினீர்கள். எனக்கு வயிற்று வலி. எல்லோரும் நம்பும்படியான வலி. கதவு சாத்தியதும் துண்டை விலக்கினேன். வெர்னியரை நகர்த்தாமல், பூ சரியாமல், அடியிலிருந்து ஃபைலை இழுத்தேன். அகல் விளக்கு ஒருமுறை படபடத்தது. என் உயிர் அதற்குமுன்பே அணைந்திருந்தது. அதே நீல அட்டை போட்ட என் ரெக்கார்டு நோட்டைச் செருகி, மூலையில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். பழக்க தோஷத்தில் நோட்டுக்குள் ஒரு சீட்டையும் வைத்தேன். ஏமாறப்போவது சரஸ்வதி, அவள்தானே கையெழுத்துப் போட வேண்டும் என்ற கொழுப்பு. மறுபூஜையில் முந்திக்கொண்டு எடுத்துவிடலாம் என்றும் திட்டம். ஃபைலை உங்கள் பையில், ஜெராக்ஸுக்கு அடியில் தள்ளினேன்.

விடிந்ததும் நீங்கள் குளித்துவிட்டு நின்றீர்கள். பையைத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "வயிறு சரியாயிருச்சா?" என்றீர்கள். தலையாட்டினேன். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஆறு பத்து பஸ் வந்து போனது. அன்று யாரும் எதையும் நிறுத்தவில்லை.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்தீர்கள். "கெடச்சிருச்சு. ஜெராக்ஸே போதும்னுட்டாரு." அம்மா அழுதாள். ஒன்பது தாண்டி மறுபூஜை முடிந்ததும், பாயசம் எடுத்துவர அவளை உள்ளே அனுப்பிவிட்டு, முதுகால் மறைத்தபடி நீங்களே படையலைக் கலைத்தீர்கள். திரும்பியபோது உங்கள் கையில் ஃபைலும் இருந்தது, என் நோட்டும் இருந்தது. கம்பெனியில் பையைத் திறந்தபோதுதான் ஃபைலைப் பார்த்திருப்பீர்கள், என்னைக் காட்டிக்கொடுக்காமல் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டினேன், சீட்டைக் காணவில்லை. எங்கோ விழுந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் பிள்ளையார் முன்னால் நீங்கள் தோப்புக்கரணம் போட ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. நன்றிக்கடன் என்று அம்மா நினைத்தாள். ஜெராக்ஸைப் பார்த்தே வேலை கொடுத்த அதிசயத்தை வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னாள்.

அடுத்த ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் அம்மா சாமி அறை வாசலில் நின்று, "உனக்கு என்ன கொற வெச்சோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். வாயாடியான நான் அன்றிலிருந்து அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். பள்ளியில் பெஞ்சுக்குப் பெஞ்சு சிரிக்க வைத்துவிட்டு வந்து, சாமி அறையைத் தாண்டும்போது மட்டும் தரையைப் பார்த்து நடப்பேன். படையலில் கை வைத்தவள் நான், பறிபோனது நீங்கள். வேறெப்படியும் கணக்குப் போட வரவில்லை.

அரை மணி நேரத்துக்கு முன்னால் ஃபைலைத் திறந்தேன். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டுக்குப் பின்னால் என் சீட்டு.

ஏமாந்தவர் என்ற இடத்தில் உங்கள் முழுப் பெயர், இனிஷியலோடு. கீழே உங்கள் கையெழுத்து. நேரம்: காலை 5.10.

ஐந்து பத்து, அப்பா. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது நீங்களும் துண்டை விலக்கியிருக்கிறீர்கள். என் கையை ஒடிப்பேன் என்ற நீங்களே உங்கள் கையை உள்ளே விட்டு, ஃபைல் என்று நினைத்து என் நோட்டை உருவியிருக்கிறீர்கள். அந்த இருட்டில், நான்கு மாதம் கழித்து, பேனா தேடிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சிரித்தீர்களா? பிள்ளையார் முன்னால் போட்டது எத்தனை? என் பங்கையும் சேர்த்துத்தானே?

குற்றம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மணைக்கு முன்னால் நான் இத்தனை நாள் தனியாக நின்றுகொண்டிருந்தேன். இப்போது பக்கத்தில் நீங்களும் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கேட் சத்தம் கேட்கிறது, அம்மா வந்துவிட்டாள். நாளை மறுநாள் மறுபூஜை முடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அதிசயம் போய்விடும், திட்டு விழும், விழட்டும். ஃபைலைத் துடைத்துவிட்டேன், பொட்டை மட்டும் விட்டுவிட்டு. அது படையலுக்குப் போகும்.

சீட்டு போகாது. பள்ளி ஐ.டி. கார்டுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். படையலில் வைத்தால் ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாதே, அப்பா. அவ்வளவு நேரம் என்னால் முடியாது.

உங்கள்
வாலு