பதினான்காம் எண் படம்

இன்று காலை மிளகாய் வத்தல் திரிக்க மாவு மில்லுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா விரலி மஞ்சள் கொண்டு வந்திருந்தார். மெஷினில் கொட்டியதும் அந்த வாடை கிளம்பியது. மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கியது. பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்து, சாக்கடை ஓரமாக நின்று இரண்டு தரம் துப்பினேன். மில்காரர் தலையை நீட்டி, "வத்தலுக்கே தும்மாத ஆளு, மஞ்சளுக்குப் போயி ஓடுதீய?" என்றார். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

தூசி இல்லை. அது என்னவென்று உனக்குத்தான் சொல்ல வேண்டும். நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உன் காதுக்கு வரக்கூடாது என்று, ஏதோ நீ பக்கத்துத் தெருவில் இருப்பதுபோல, மறைத்து வைத்திருந்தேன்.

நம் கேமரா கிளப் இன்னும் நடக்கிறது. அதே தட்டச்சுப் பயிலக மாடி, அதே இரண்டாவது ஞாயிறு. நீ மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் டியூட்டி முடித்து, சட்டையைக்கூட மாற்றாமல் வருவாய். நான் ஸ்பின்னிங் மில் டைம் ஆபீசிலிருந்து தலையில் பஞ்சோடு வருவேன். வருடத்துக்கு ஒரு போட்டி, போட்டிக்கு ஒரு நிறம். சிவப்பு என்று அறிவித்தால் விளாத்திகுளம் களத்து வத்தல் வரும். வெள்ளை என்றால் பருத்தி. கறுப்பு என்றால் உழுது போட்ட கரிசல். "அடுத்த வருசம் ஊதான்னு போடுங்க. எவன் எதப் பிடிச்சிட்டு வாரான்னு பாப்போம்" என்று நீ சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், கிளப் தலைவரைத் தவிர.

தலைவருக்கு உன்னைக் கண்டால் கொஞ்சம் சங்கடம்தான். சிவப்பு வருடத்தில் வத்தல் களத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணை, படம் சரியாக விழவில்லை என்று திரும்பத் திரும்ப முறத்தைத் தூக்கிக் கொட்டச் சொன்னார். நீதான் குறுக்கே போய் நின்று, "போதும் அண்ணாச்சி, அவியளுக்கும் கண்ணு இருக்கு" என்றாய். ஹார்டுவேர் கடையில் நாலு பேரை வேலை வாங்குகிறவருக்கு, ஊரறிய அப்படிக் கேட்டது உறுத்தியிருக்கும்.

அதற்காக உன்னைப் பெரிய யோக்கியன் என்று எழுதப் போவதில்லை. கழுகுமலை ரோட்டில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர், செத்துப்போன கிடாயை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே நீ கேமராவை எடுத்துவிட்டாய். மண்டியிட்டு உட்கார்ந்து ஏழெட்டுப் படம் எடுத்தாய். நானும் எடுத்தேன். ஒரு மாதம் கழித்து, மனது கேட்காமல், பிரிண்ட் போட்டு அவரைத் தேடிப் போய்க் கொடுத்தாய். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆடு நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது வண்டியில் நீ சொன்னது: "கை தன்னால போயிருதுலே. பெறகு மூஞ்சியக் கொண்டு எங்க வைக்கதுன்னுதான் தெரிய மாட்டேங்கு." அந்தப் படத்தை நீ எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை.

நீ போன பிறகு வந்த தை மாதம் போட்டி அறிவித்தார்கள். நிறம் மஞ்சள். முதல் பரிசு, உன் பெயரில் ஒரு கோப்பை. தலைவர் எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நினைத்தால் இப்போது என் கண்ணையே பிடுங்கிப் போடலாம்போல் இருக்கிறது.

படங்களைத் தேர்வு செய்ய இரண்டு பேர். நான் ஒருவன். புதிதாகச் சேர்ந்திருந்த ஓவிய ஆசிரியை ஒருவர். அவருக்கு உன்னைத் தெரியாது. எடுத்தவர் பெயர் இருக்காது, எண்ணும் தலைப்பும் மட்டும் இருக்கும். தலைவர் மடிக்கணினியை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். சூரியகாந்தி, வாழைத்தார், ஆட்டோ, மாரியம்மன் கோயில் சேலைகள். எங்களுக்கு நடுவில் மேசையில் தின்ன ஒரு தட்டு காராச்சேவு. பதினான்காம் எண் வந்தது. தலைப்பு 'மங்கலம்'.

முகம் மட்டும். நெற்றியிலிருந்து தாடை வரை அப்பிய மஞ்சள். காதோரம் செவ்வந்திப் பூ. கண்கள் மேலே பார்க்கின்றன. இரண்டு கன்னத்திலும் கண்ணீர் இறங்கி, மஞ்சளில் கோடு கிழித்திருக்கிறது. உன் மனைவி.

ஆசிரியை மூச்சை இழுத்துக்கொண்டார். "என்ன மாதிரி ஒரு படம் சார். அந்த மேல பாக்குற பார்வையப் பாருங்க. சாமிகிட்ட எதையோ வேண்டுற மாதிரி இருக்கு" என்றார். கையிலிருந்த தாளில் பத்துக்கு ஒன்பது என்று எழுதினார். தலைவர் ஒரு கை காராச்சேவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அதே எண்ணெய் விரலால் தொட்டு, அவள் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினார். "கண்ணுக்குள்ள பந்தலே தெரியுது, பாத்தீங்களா?"

தெரிந்தது. உன்னைக் கிடத்தியிருந்த பந்தல்.

உனக்கு அன்று நடந்தது எதுவும் தெரியாது அல்லவா, சொல்கிறேன். காலையில் டியூட்டிக்குக் கிளம்பி ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டாய். மறுநாள் மதியம் உன்னை எடுத்தோம். உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலைக்கு நானும் குடம் எடுத்தேன். தூக்குவதற்கு முன்னால், பெண்கள் அவளை உன் தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்தி, முகம் நிறைய மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். எல்லாம் கடைசித் தடவையாக. இனிமேல் கிடையாது என்று அவளுக்கும் ஊருக்கும் காட்டுவதற்காக. கொடுமைதான். ஆனால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் படத்துக்குத்தான் மங்கலம் என்று பெயர்.

"இது யாரு?" என்றேன்.

"எடுத்தது யாருன்னு சொல்லக் கூடாதுல்லா சார். ரூல்ஸ்" என்றார் தலைவர்.

"எடுத்தது யாருன்னு கேக்கல. படத்துல இருக்கது யாருன்னு கேக்கேன்."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தெரியாம என்ன. அவரு நினைவாத்தான நடத்துதோம்? இதவிடப் பொருத்தமா வேற என்ன இருக்கு? அவரே இருந்தா இதுக்குத்தான் முத மார்க்கு போட்டிருப்பாரு."

எடுத்தது தலைவர்தான் என்று அப்போது புரிந்தது; அன்று பந்தலில் அவர் கேமராவை எடுத்ததை நான் கவனித்திருக்கவில்லை. நான் ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேனாவை மூடி வைத்தார். ஆனால் எழுதிய ஒன்பதை அடிக்கவில்லை. எனக்கு யார்மீது கோபம் என்றே தெரியவில்லை. அந்தத் தட்டு, அந்த எண்ணெய் பட்ட திரை, அதில் உன் வீட்டுப் பெண்ணின் கண். எல்லாமே அழுகல் வாடை அடிப்பதுபோல் இருந்தது. அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். மார்க்கு போடத்தான் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே அனுப்பினார்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். ரயில்வே ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய தாள்களைத் தரையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சுற்றி வளைத்துப் பேசினேன். அவளே, "காட்டுங்க அண்ணாச்சி" என்றாள். போனை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதாவ இதப் பாத்து?"

"கண்ணீரு, சாமியப் பாக்குற பார்வை, அப்படின்னு."

"அழுகையெல்லாம் மொத நாளே தீந்துபோச்சு" என்றாள். "மஞ்சள அள்ளி அப்புனாவல்லா, கண்ணுக்குள்ள போயிட்டு. எரிச்சல் தாங்க முடியல. தொடைக்கலாம்னா ரெண்டு கையையும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிருக்காவ. எதுத்தாப்புல ஒங்க கிளப்புத் தலைவர் கேமராவ வச்சிக்கிட்டு நிக்காரு. அந்தாள் மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னுதான் மேல பாத்தேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்ன பேரு வச்சிருக்காவ?" என்றாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். அவள் எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "அவரு நம்பரப் போடுங்க" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். யார் பேசுவது என்று சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள். "மாலையப் போட்டுட்டு எல்லாரும் ஓரமாப் போயிட்டாவ. நீங்க மட்டும் அம்புட்டு நேரம் வெயில்ல நின்னீய. இவிய மேல இம்புட்டுப் பிரியமான்னு மொதல்ல நெனச்சேன். மஞ்சள் பூசுறப்ப கேமராவத் தூக்குனீயல்லா, அப்பத்தான் எதுக்கு நின்னீயன்னு தெரிஞ்சிது. அந்தப் படத்த எடுத்துருங்க." அந்தப் பக்கம் அவர் நீளமாக ஏதோ சொன்னார். கலை என்ற சொல் எனக்கே கேட்டது. "நீங்க அத எதா வேணும்னாலும் பாருங்க. மூஞ்சி என்னோடது" என்று சொல்லி, போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் பெயர் எழுதிய கோப்பை, பெட்ரோல் பங்க் ஓரத்தில் வரிசையாக நின்ற மூன்று ஜேசிபி வண்டிகளுக்குப் போனது. தலைவர்தான் எடுத்துக் கொடுத்தார், சால்வையெல்லாம் போட்டு. போட்டோ எடுக்கும்போது என்னையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தவன், அதற்குப் பிறகு அந்த மாடிக்குப் போகவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மார்ச் மாதம் ஒருநாள் காலையில், மில்லில் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தார். சுற்றிலும் ரோஜாப் பூ, மேலே 'மகளிர் தின வாழ்த்துகள்', நடுவில் அவள். தலைவர் ஏதோ ஒரு குழுவில் போட்டிருக்கிறார், அங்கிருந்து யாரோ எடுத்து, யாரோ பூ ஒட்டி, யாரோ எழுதியிருக்கிறார்கள். அனுப்பியவருக்கு ஒரு பாவமும் தெரியாது. டைம் ஆபீசில் அட்டெண்டன்ஸ் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பெயரும் கண்ணில் படாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது அவள் போனுக்கும் போயிருக்கும். கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தலைவரைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அவரைப் பற்றி இந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது வேறு ஒன்று.

அன்று உன் வீட்டில், அவள் போனில் பேசி முடித்த பிறகு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதவில் சாய்ந்து நின்று சொன்னாள்: "நீங்களும் அன்னைக்கு எதுத்தாப்புலதான் நின்னீய. மஞ்சள் பூசுறப்ப ஒரு எட்டு அந்தப் பக்கமா நவுந்து போனீய. பாக்க மாட்டாமத்தான் ஒதுங்குதீயன்னு நெனச்சிக்கிட்டேன். அந்தக் கூட்டத்துல அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலா இருந்திச்சி, அண்ணாச்சி."

என் கையில் அன்று கேமரா இல்லை. சட்டைப் பையில் இருந்த போனைத் தொடவும் இல்லை. அது நிஜம். ஆனால் நான் நகர்ந்தது, எனக்கும் அவளுக்கும் நடுவில் பந்தல் கம்பு மறைத்ததால். ஒரு எட்டு இடது பக்கம் வைத்தால் கம்பு விலகும், கூரை இடுக்கில் விழுந்த வெயில் அவள் முகத்தில் சரியாக இறங்கும் என்று என் கண் கணக்குப் போட்டது. நீ கீழே கிடக்கிறாய். நான் எட்டு வைத்தேன். வெயில் மஞ்சளில் விழுந்தது. நல்லா இருக்கு என்று மனதுக்குள் ஒரு குரல், என் குரல்தான், சொன்னது.

செருப்பு வாரை மாட்டுவதற்குக் குனிந்தபடியே, "ஆமா தங்கச்சி" என்றேன்.

இப்போதும் மாதம் ஒருதரம் போய்ப் பார்க்கிறேன். டீ போட்டுத் தருகிறாள். என்னை நல்ல மனுசன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த டீயை நான் குடித்துவிட்டுத்தான் வருகிறேன்.