கேட்டால் சொல்கிறேன் என்றாள்

1999 ஏப்ரல் 24, சனி

காலையிலேயே அனல். தாராபுரம் பஸ் இன்றும் தாமதம். டைப்ரைட்டிங் கிளாஸுக்கு நேரம் கழித்துப் போனதற்கு சாரிடம் திட்டு.

பஸ் ஸ்டாப்புக்குக் காலனி வழியாகத்தான் நடை. அங்கே குடியிருக்கும் மாரக்கா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு எதிரே வந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். மாடுகள் குடித்து முடித்த பிறகுதான் இவர்களை விடுவார்களாம். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் மட்டும் பெரிய எழுத்தில்: "காலனியில் ஆழ்குழாய்க் கிணறு, பணி முடிந்தது."

போர் எங்கே போட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். ஊரில் பெரிய தோட்டக்காரர் துரைசாமி அண்ணனின் தென்னந்தோப்பில். போர் போடும் ரிக் வண்டி நம் வீதி வழியாகத்தான் போனது. எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். யாரும் கேட்கவில்லை. நானும்.

பஞ்சாயத்துத் தலைவர் யார்? அந்தத் துரைசாமி அண்ணனுடைய மனைவி பூங்கொடி. என் பூங்கொடி. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். தலைவர் பதவி பெண்களுக்கு என்றதும் அண்ணன் அவளைக் கொண்டுவந்து தேர்தலில் நிறுத்தினார். அவளுக்காகச் சுவரெல்லாம் பூட்டு சாவி சின்னம் வரைந்தவள் நான். விரலில் பெயிண்ட் போக ஒரு வாரம் ஆனது.

இரவு புளிசாதம். தூக்கம் இல்லை.

ஏப். 27, செவ்வாய்

பூ. வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெளியூர். மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். தலைவர்!

சுற்றி வளைக்கவில்லை. "காலனி போர் எங்கடி?"

"தோப்புல."

இவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று நினைக்கவில்லை.

"கையெழுத்து?"

"நான்தான். தோசை வாத்துட்டிருந்தேன். மாவுக் கையைத் தொடச்சுட்டுப் போடுன்னாரு. போட்டுட்டேன்."

"வெளிய சொல்லுடி."

"நானா எப்படிப் புள்ள சொல்றது? ஊட்டுல இருக்கோணுமல்ல? கேட்டாச் சொல்லலாம். மே ஒண்ணாந்தேதி கிராம சபை. எல்லாரு முன்னாலயும் கேளு. கேட்டாத் தலைவர் பதில் சொல்லியே ஆகோணும், பயிற்சிப் புத்தகத்துல போட்டிருக்குது."

"நீ பயிற்சிக்குப் போனியா?"

"அவருதான் போனாரு. மத்தியானச் சோறு நல்லா இருந்துச்சாம். புத்தகத்தை எனக்குக் கொண்டாந்து குடுத்தாரு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்டிப்பாக் கேப்பியல்ல?"

ஏப். 29, வியாழன்

செய்ய வேண்டியவை:
டெய்லரிடம் ஜாக்கெட்.
அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.
மாரக்கா.
கேள்வியைச் சொல்லிப் பழக வேண்டும். கண்ணாடி முன்னாலேயே குரல் நடுங்குகிறது.

டீக்கடையில் இன்னும் டெல்லிப் பேச்சுதான். ஒரே ஓட்டில் ஆட்சி போய்விட்டதாம். "ஒரு ஓட்டுக்கு அத்தனை மதிப்பாங்கோ!" நம்மூரில் எத்தனை ஓட்டு இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் நகரவில்லை.

சாயங்காலம் காலனி. மாரக்கா சொன்னது: "நீங்க கேளுங்க அம்மணி, நாங்க பின்னால நிக்கறமுங்க. நிக்கறதுன்னா நிக்கறதுதானுங்க. வாயத் தொறக்க மாட்டோம். காட்டுல கூலி வேலை அவுங்ககிட்டத்தானுங்களே."

அவளை அக்கா என்று கூப்பிட்டதற்கு வீட்டில் அம்மாவிடம் அரை மணி நேரம் வசவு.

மே 1, சனி

பள்ளிக்கூட வளாகம். மிக்சர், டீ. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, அடிக்கடி கடிகாரம் பார்க்கிறவர். பூ. பச்சைப் பட்டுச் சேலையில். பக்கத்து நாற்காலியில் துரைசாமி அண்ணன். என்ன பதவியில் அங்கே உட்கார்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. காலனிக்காரர்கள் இரும்புக் கேட்டுக்கு வெளியே.

எழுந்தேன். கேட்டேன். நடுங்கவில்லை.

அண்ணன்தான் பதில் சொன்னார். "அதெல்லாம் முறையா நடந்திருக்குது கண்ணு. உக்காரு."

"நான் தலைவரைக் கேட்டேனுங்கண்ணா."

சிரிப்பு. பின்னாலிருந்து யாரோ: "பாரப்பா, டைப் அடிக்கற புள்ள ஆளையும் அடிக்குது!"

பூங்கொடி எழுந்தாள். தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"காலனில போர் போடலைங்க. எங்க தோப்புல போட்டிருக்குதுங்க. கையெழுத்து நான் போட்டது. தப்புத்தானுங்க."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். இப்போது ஊர் எழும் என்று திரும்பிப் பார்த்தேன். டீ டம்ளரை வைத்தார்கள். துண்டை உதறினார்கள். "வெயிலு ஏறுதுங்கோ, போலாம்." போனார்கள். கேட்டுக்கு வெளியே நின்றவர்களும் போனார்கள். அண்ணன் யாரையும் திட்டவில்லை. எல்லோரையும் கும்பிட்டு வழியனுப்பினார்.

நானும் வீட்டுக்கு வந்தேன். பசி. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பு.

மே 2, ஞாயிறு

பூ. வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. மாமியார் மட்டும் வாசலில். "உடம்பு சரியில்லை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மே 4, செவ்வாய்

ராஜினாமாவாம். "உடல்நிலை காரணமாக." பொறுப்பு துணைத் தலைவருக்கு. அவர் அண்ணனின் பங்காளி.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர்:
"பொம்பளைக்குப் பதவி குடுத்தா இப்படித்தான் தின்னுபோடுவா."
"அந்த மனுசன் பாவம். ஊரு முன்னால தலை குனிய வெச்சுட்டா."

திரும்பி, தோப்பு யாருடையது என்று கேட்டேன். "உன்ர ஸ்டாப்பு வந்துருச்சு, இறங்கு அம்மணி" என்றார்கள். வரவில்லை.

அம்மா: "அந்தப் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே." திருடியவன் நாற்காலி அப்படியே இருக்கிறது. உண்மை சொன்னவள் எழுந்த நாற்காலிதான் காலி.

மே 6, வியாழன்

காலனிக்கு டிராக்டரில் தண்ணீர் டேங்க். அண்ணனே கூட நின்று குழாயைத் திறந்துவிட்டார். "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே." கும்பிடுகிறார்கள். தோப்புப் போரில் எடுத்த தண்ணீர். அவர்களுடைய தண்ணீர்.

கலெக்டருக்கு மனு, எல்லோரும் கையெழுத்துப் போடலாம் என்றேன். மாரக்கா குடத்தை நிரப்பியபடியே சொன்னாள்: "தண்ணி வருதுங்க அம்மணி. இனி ஒண்ணும் கேக்காதீங்க. கேட்டா இதும் நின்னுபோகும்."

அவள்மேல் கோபப்பட்டேன். பிறகு யார்மேல் படுவது என்று தெரியவில்லை. ஊரைக் கொளுத்தலாம் போல் இருந்தது. துணி மடித்து வைத்தேன்.

மே 9, ஞாயிறு

புழுக்கம். மழை இல்லை.

பஸ் ஸ்டாப்பில் பூங்கொடி. ஒரு ஒயர் கூடை, ஒரு சூட்கேஸ். அம்மா வீட்டுக்காம். தனியாக நின்றாள்.

"உன் பையனைக் கூட்டிட்டு வரலையா?"

"உடமாட்டேன்னுட்டாங்க."

அழுகை எனக்குத்தான் வந்தது. மன்னிப்பு, மனு, கலெக்டர், வக்கீல் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

"நீ கேட்டே, நான் சொன்னேன். அதுல தப்பில்லை புள்ள. அதுக்கப்புறம் எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிட்டீங்க. எனக்குத்தான் போறதுக்கு ஊடு இல்லாமப் போச்சு."

காங்கேயம் பஸ் வந்தது. சூட்கேஸை ஏற்றிக் கொடுத்தேன். சீட் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.