பாதி இருட்டு விட்ட படங்கள்

ஜெலுத்தோங், பினாங்கு
10 மார்ச் 2024

அன்புள்ள ஜெகா,

நீ, தனுஜா, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் நலமாக இருக்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். உறையைப் பார்த்ததும் "இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு, போன் இல்லையா?" என்று நீ கேட்பது ஜெலுத்தோங் வரைக்கும் கேட்கிறது. போனை எடுத்தால் முதலில் குட்டி பிடுங்கிக்கொள்கிறாள், அவள் விட்டதும் நாம் சண்டை போடுகிறோம். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

உறைக்குள் ஒரு ஃபிலிம் ரோல் இருக்கும். ஏற்கெனவே படம் எடுத்த ரோல்தான், ஆனால் கழுவவில்லை. வேலையை விட்டு வந்த பிறகு சும்மா இருக்க முடியாமல் நம் பழைய காமிராவைத் தூக்கிக்கொண்டு பூமலைத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன் என்று சொன்னேன் அல்லவா? மரம், குரங்கு, குளம் என்று எடுத்து எடுத்து எல்லாம் காலண்டர் படம் மாதிரியே வந்தது. கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஃபிலிம் கழுவிக் கொடுக்கும் இஸ்ஸதி என்ற பெண்தான் சொன்னாள். "அங்கிள், ஒரே ரோல்ல ரெண்டு பேரு எடுக்கலாம்லா. நீங்க எடுத்துட்டு சுத்தி, வேற ஊர்ல உள்ளவங்களுக்கு அனுப்புங்க. அவங்க அதுமேலயே எடுப்பாங்க. என்ன வரும்னு யாருக்கும் தெரியாது." கேட்டதும் உன் நினைவுதான் வந்தது.

இந்த வாரம் அங்சானா மரமெல்லாம் பூத்துக் கொட்டி ரோடெல்லாம் மஞ்சள். முக்கால்வாசி அதைத்தான் எடுத்தேன், நடுவில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட நம் கண்ணாடிக் குரங்குகள். எதன்மேல் எது விழும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பு. ரோலின் நாக்கு, அதுதான் அந்த ஃபிலிம் முனை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், உள்ளே இழுத்துவிடாதே. பென்சில் கோடு போட்ட இடத்திலிருந்து தொடங்கு.

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனாய், குட்டி இப்போது ஓடுகிறாள். நீ ஆஸ்திரேலியாவில் இருந்தாலும் பெர்த்துக்கும் பினாங்குக்கும் ஒரே மணி. நான் கோப்பி கலக்கும்போது நீயும் கலக்குவாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சுகுமாரன்


பெர்த்
14 ஏப்ரல் 2024

என்னங்க,

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்து. பாயசம் வைத்தேன், உங்களுக்கும் சேர்த்து இங்கே யாராவது குடிப்பார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துத் தனுஜா, "அப்பாவா இப்படி எழுதறாரு?" என்று வாயைப் பிளந்தாள். மாப்பிள்ளை ஜெஃப்ரி பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து ஒரு காமிரா வாங்கி வந்தார். பாவம், எனக்கு நாள் முழுக்கப் பாடம் நடத்தினார். நான்தான் மண்டையை ஆட்டிவிட்டுக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆற்றங்கரைக்கு நடந்து போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். இங்கே வானம் இருக்கிறதே, அடேயப்பா! நம் ஊரில் மேகத்துக்கு நடுவில் தேட வேண்டும். ரோலை அனுப்பியிருக்கிறேன். கெட்டுப் போயிருந்தால் என்னைத் திட்டக்கூடாது, சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மெகி மீ நூடுல்ஸ் சாப்பாடு ஆகாது.

ஜெகா


ஜெலுத்தோங், பினாங்கு
12 மே 2024

அன்புள்ள ஜெகா,

கெட்டுத்தான் போச்சு! படங்களை உள்ளே வைத்திருக்கிறேன், நீயே பார். என் குரங்குகள் அத்தனையும் உங்கள் ஊர் வெயிலில் காணாமல் போய்விட்டன. ஒன்றில் மட்டும் வானத்தில் ஒரு வால் தொங்குகிறது. கடையில் இஸ்ஸதி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது.

இப்போது பாடம் கேள். இரண்டு பேர் எடுப்பதால் ஆளுக்குப் பாதி வெளிச்சம்தான் கொடுக்க வேண்டும். இது 200 ஃபிலிம், காமிராவின் தலையில் உள்ள எண்ணை 400-ல் வைத்துவிடு, அது பார்த்துக்கொள்ளும். அதைவிட முக்கியம் இன்னொன்று. ஒருவர் இருட்டாக விட்ட இடத்தில்தான் மற்றவருடைய படம் தெரியும். முழுக்க வெளிச்சமாக எடுத்தால் அடுத்தவருக்கு இடமே இருக்காது. இந்தத் தடவை மர நிழல், இலை அடர்த்தி என்று இருட்டாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். நீ உன் பங்கை எடு.

மேல்வீட்டுக் குணவதி அக்கா லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "ஜெகா எப்ப வருது தம்பி?" என்று கேட்கிறார். அடுத்த மாசம் என்று சொல்லிச் சொல்லி இப்போது படிக்கட்டில் ஏறப் பழகிவிட்டேன். உடம்புக்கும் நல்லதுதான்.

சுகுமாரன்


பெர்த்
23 ஜூன் 2024

என்னங்க,

இங்கே குளிர். இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு போய், ஆற்றில் கறுப்பு அன்னம் எடுத்தேன். 400-ல் வைத்தேன், கோட்டிலிருந்து தொடங்கினேன், எல்லாம் சொன்னபடி. இதுவும் கெட்டால் பழி உங்கள்மேல்தான்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படக்கூடாது. ஃபேக்டரியில் ஒரு சின்னக் கீறல் விழுந்த சாமானைக்கூடக் கண்டுபிடித்துத் தள்ளி வைத்த ஆள் நீங்கள். வீட்டுக்கு வந்தால் நான் புதுப் புடவை கட்டினதுகூடத் தெரியாது. டிவி முன்னால் உட்கார்ந்தால் "ம்" என்று ஒரு சொல், அதுவே அன்றைக்குப் பேச்சு. சுவரோடு பேசினால்கூட எதிரொலி வரும். இப்போது குரங்கு வால், மர நிழல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். படிக்கும்போது இனிக்கிறது, மடித்து வைக்கும்போது அழுகை வருகிறது. இந்த மனிதர் அன்றைக்கு எங்கே போயிருந்தார்?

தனுஜா உங்களுக்கு டிக்கெட் எடுக்கவா என்று கேட்கிறாள். நீங்கள்தான் இங்கே வந்தால் என்ன?

ஜெகா


ஜெலுத்தோங், பினாங்கு
28 ஜூலை 2024

அன்புள்ள ஜெகா,

படங்களைப் பார். முதலில் அன்னம். உன் கறுப்பு அன்னத்தின் உடம்பு முழுக்கப் பூமலையின் இலை! கழுத்து வளைவில் என் மழைமரத்துக் கிளை நரம்பு நரம்பாக ஓடுகிறது. சுற்றி உன் ஆற்றுத் தண்ணீர். இஸ்ஸதி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அங்கிள், ஆன்ட்டி படத்தோட உங்க படம் நல்லா சேருதுலா" என்றாள். பெரிதாக்கி வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். இப்போது டிவி போடுவதில்லை, அதைத்தான் பார்க்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். கோபம் இல்லை. எழுதும்போது வருகிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய? அங்கே வருவது பற்றி: மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் வீடு இங்கே இருக்கிறது.

அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். இந்த ரோலில் ஒவ்வொரு படத்திலும் பாதியை உனக்காக இருட்டாக விட்டிருக்கிறேன். காலண்டர் அட்டைக்குக் கறுப்பு மை பூசி, லென்ஸின் வலப் பக்கத்தை மறைத்துக்கொண்டு எடுத்தேன். முதல் படம் பூமலையில் அல்லிக் குளத்து பெஞ்சு. தைப்பூசத்தன்று கால் கொப்பளித்துச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அதே பெஞ்சு. காமிராவைத் தானாக எடுக்க வைத்துவிட்டு நான் ஓடிப்போய் இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வலது பக்கம் இருட்டு. மாப்பிள்ளையை இடப் பக்கம் அட்டையால் மறைத்துக்கொண்டு உன்னை எடுக்கச் சொல். அங்கே ஏதாவது பெஞ்சு இருக்கும்.

தீபாவளிக்கு வந்து, பிறகு இங்கேயே இருப்பதாக இருந்தால் அந்த இடத்தில் நீ உட்கார். உன் பதிலைக் கடிதத்தில் எழுத வேண்டாம், ரோலிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

சுகுமாரன்


பெர்த்
8 செப்டம்பர் 2024

என்னங்க,

ரோல் இத்துடன் வருகிறது. கழுவிப் பாருங்கள்.

இங்கே காட்டுப் பூ பூக்கும் பருவம். புதன்கிழமைகளில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து நடக்கப் போகிறோம். அதில் ஃபஸீலா என்று ஈப்போக்காரி ஒருத்தி, நம் ஊர் மலாயில் பேசிப் பேசி வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள். பக்கத்தில் உள்ள குழந்தைகள் காப்பகத்தில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள், வாரத்தில் மூன்று நாள் போகிறேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் என் பருப்புக்கு அடித்துக்கொள்கின்றன. "மோர், ஜெகா, மோர்!" என்று தட்டைத் தட்டுகின்றன. என்னை யாராவது வாய் நிறையப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆகிறது.

அன்னப் படம் என் அறையிலும் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

ஜெகா


ஜெலுத்தோங், பினாங்கு
29 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெகா,

ரோலைக் கழுவியாயிற்று. நான் வெளியே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். இஸ்ஸதி கடையிலிருந்து வந்து, "அங்கிள், எல்லா படமும் பாதி கறுப்பு. ஆன்ட்டி எடுக்கலயா?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளே அவசரமாக, "இல்ல இல்ல, சில சமயம் காமிராவுக்குள்ள ஃபிலிம் பல்சக்கரத்துல மாட்டாம சும்மா சுத்தும். நிறைய பேருக்கு நடக்கும்லா" என்றாள்.

அப்படித்தான் நடந்திருக்கும், இல்லையா? நீ கிளிக் கிளிக் என்று எடுத்திருப்பாய், உள்ளே ஃபிலிம் நகர்ந்தே இருக்காது. பழைய காமிராவில் இது சகஜம். நீ ஒரு வரி எழுது போதும். "மாட்டவில்லை போலிருக்கிறது" என்று. நான் நம்புவேன். இன்னொரு ரோல் எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன். அதே பெஞ்சு, அதே இடது ஓரம்.

வீட்டுக்குச் சாயம் அடித்துவிட்டேன். நீ எப்போதும் கேட்ட அந்த இளம்பச்சை.

சுகுமாரன்


பெர்த்
20 அக்டோபர் 2024

என்னங்க,

அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை முடிந்தது. கை வரவில்லை.

ஃபிலிம் மாட்டாமல் இல்லை. நான் காமிராவில் போடவே இல்லை. ஆற்றங்கரைப் பெஞ்சு வரைக்கும் எடுத்துப் போனேன், ஜெஃப்ரி அட்டையோடு நின்றார். ரோலைக் கைக்குள் மூடிக்கொண்டு அழுதேன். அவர் என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. பொய்யாக ஒரு பூவைக்கூட அந்த இருட்டில் எடுத்து வைக்க எனக்கு மனமில்லை.

உங்கள்மேல் எனக்கு வெறுப்பு இல்லைங்க. இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கடிதத்தில் நீங்கள் எவ்வளவு அழகான மனிதர்! ஆனால் கடிதத்துக்குள் குடும்பம் நடத்த முடியாதே. நான் வந்து இளம்பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்ததும் நீங்கள் மறுபடியும் "ம்" என்பீர்கள். அதைக் கேட்க எனக்கு இனி தெம்பில்லை. நீங்கள் விட்ட இடத்தில் போய் உட்கார்ந்தே என் வயசு போய்விட்டது. இங்கே எனக்கென்று கொஞ்சம் வெளிச்சம் கிடைத்திருக்கிறது. இதை அணைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

இனி பாதி விட்டு எடுக்காதீர்கள். உங்களுக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது. படத்தை முழுசாக எடுங்கள்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். குணவதி அக்கா முறுக்கு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஜெகதீஸ்வரி


ஜெலுத்தோங், பினாங்கு
10 நவம்பர் 2024

அன்புள்ள ஜெகா,

தீபாவளி நன்றாக நடந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். குணவதி அக்கா முறுக்கோடு வந்து, "ஜெகா எப்ப வருது தம்பி?" என்றார். "அவ இனிமே அங்கதான் இருப்பாக்கா" என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். அவர் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார்.

இந்த உறை லேசாக இருப்பதை நீ கவனித்திருப்பாய். ரோல் வைக்கவில்லை. ஒரே ஒரு படம் இருக்கிறது.

நீ சொன்னபடி முழுசாகத்தான் எடுத்தேன். அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, 400-லிருந்து பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, நல்ல காலை வெயிலில் எடுத்தேன். குளம், அல்லி, பெஞ்சு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இஸ்ஸதிகூட, "ரொம்ப கிளியரா இருக்கு அங்கிள்" என்றாள்.

கழுவி வந்த பிறகுதான் பார்த்தேன். பெஞ்சில் அத்தனை இடம் காலியாக இருக்க, பழக்கத்தில் நான் இடது ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சுகுமாரன்